வெயில் வராத பாறை

அமர்நாத் நயினாரை ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். அரிசி மண்டி வைத்திருப்பதால் அல்ல. எங்கள் ஊரில் அரிசி மண்டிக்கா பஞ்சம்? பட்டு நெய்கிற ஊரில் பிறந்து வளர்ந்து, உடம்பில் ஓர் இழை பட்டு படாமல் வாழ்கிற மனிதர் என்பதால் தெரியும். அவர் கல்யாணத்தில் பெண்ணே பருத்திப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுத்த நூல் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சமணர் வீட்டுப் பிள்ளை, அதுவும் சரிதான். ஆனால் பட்டுக்கடை வைத்திருக்கும் என்னோடு அவருக்கு எப்படிச் சிநேகம் ஒட்டியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"உங்க கடையில டீ மட்டும்தான் குடிப்பேன் சுதாகர், புடவைய கண்ணுல காட்டாதீங்க" என்பார்.

அவருக்கு இன்னொரு விரதமும் உண்டு. பொழுது சாய்ந்தால் வாயில் சோறு போகாது, தண்ணீரும் போகாது. மறுநாள் சூரியன் கிளம்பிய பிறகுதான் எல்லாம். கல்யாண ரிசப்ஷனுக்கு வருவார், மொய் எழுதுவார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிடுவேன். மழைக்காலத்தில் சூரியன் தெரியாத நாளில் காலண்டரில் போட்டிருக்கும் உதய நேரத்தைப் பார்த்துக்கொள்வார். இது பிடிவாதம் என்று நான் சொன்னால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பசித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒரே பெண் அமிர்தா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் முடிந்து அறைக்கு வரும்போதே ராத்திரியாகிவிடும். மற்றவர்களோடு அவளும் சாப்பிட்டாள். அது ஒரு நாள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை, அடிக்கவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் அந்தப் பெண் போன் செய்வதும், இவர் ரிசீவரை மனைவி கையில் கொடுத்துவிட்டு மண்டிக்குப் போவதுமாக இருந்தது. போன வருடம் கோயிலில் பத்து நாள் நோன்பு நடந்தபோது அவளே வந்தாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உங்கள மாதிரியே இருப்பேன்பா, இது உங்க மேல சத்தியம்" என்றாள். இவர் அழுதே விட்டார். நான் பார்த்தேன்.

அதே பெண்தான் இந்த வருடம் இமாச்சலில் ஒரு மலை ஏறப்போகிறேன் என்றாள். கூட வருவதாக இருந்த தோழி கடைசியில் கழன்றுகொண்டாள். தனியாக அனுப்ப இவருக்கு மனமில்லை. தானும் போவதாகச் சொன்னார். மகளோடு மட்டும் போக இவருக்குத் தைரியமில்லை; என்னை இழுத்தார். ஞாயிறுதோறும் பக்கத்திலிருக்கும் திருமலைச் சமணக் குன்றுக்குப் போய்ப் படி ஏறி இறங்கிப் பழகினோம். அதைத்தான் மலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாவிகள்.

அந்தச் சிகரத்தின் பெயர் என் வாயில் நுழையாது. கயிறு வேண்டாத மலை, கையும் காலும் இருந்தால் போதும் என்றார் எங்கள் கைடு. உள்ளூர் ஆள், பொறுமைசாலி. உச்சிக்குக் கீழே, சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஓர் இடத்தில் கூடாரம் போட்டார். மதியம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. சட்டென்று குளிர். கைடு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். நயினார் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இன்னாங்க நயினாரே, இன்னும் வெளிச்சம் இருக்குதே" என்றேன்.

"சூரியன் எங்க இருக்குது, காட்டுங்க பாக்கலாம்."

"மலை மறைச்சிகினு இருக்குதுங்க. அந்தப் பக்கம் எரிஞ்சிகினுதான் இருக்கும். காலண்டர் நேரத்த வெச்சிக்கலாமே."

"நம்மூர் காலண்டர் இந்த ஊருக்குச் செல்லாது சுதாகர். போன்ல பாக்கலாம்னா சிக்னலும் இல்ல. கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

ஆரணியில் வயலுக்கு அந்தப் பக்கம் தரையைத் தொட்டுத்தான் சூரியன் மறையும். அதையே பார்த்து வளர்ந்த மனிதர், மலை நிழலை அஸ்தமனம் என்று எடுத்துக்கொண்டார். அமிர்தா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். ராத்திரி நான் மட்டும் பருப்பும் சோறும் சாப்பிட்டேன். அவர்களைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

விடியுமுன் கிளம்பினோம். முதலில் கால் வைத்தால் சரியும் பொடிக்கல், பிறகு வீட்டளவு பெரிய பாறைகள், அதற்கு மேல் செங்குத்தாக ஒரு பிளவு. கையால் ஒரு பிடி, காலுக்கு ஒரு விளிம்பு, அது ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பிடி. திரும்பிப் பார்த்தால் கூடாரம் தீப்பெட்டி அளவு தெரிந்தது. நான் அப்புறம் திரும்பவில்லை. அமிர்தாதான் எனக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம் வந்த பிறகு அவள் கை தப்புத் தப்பாகப் போவதைக் கவனித்தேன். பிடியைப் பார்த்துக்கொண்டே வேறு இடத்தில் கை வைத்தாள். ஓர் இடுக்கான விளிம்பில் உட்கார்ந்தாள். வாந்தி வந்தது, வெறும் பித்தம். பிறகு பாறையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள்.

கைடு அவள் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். இந்தியில் படபடவென்று பேசினார். அதுவரை மொழிபெயர்த்தவளே அவள்தான். சூரத்தில் ஜரிகை வாங்கிப் பழகிய என் அரைகுறை இந்தியில் இவ்வளவு புரிந்தது: தண்ணீர் கொடுக்க வேண்டும், உடனே இறக்க வேண்டும். இந்தப் பிளவில் யாரையும் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. ஆள் வரவழைத்தால் சாயங்காலம் ஆகும். அதுவரை தாங்கமாட்டாள். அவள் காலால், அவள் கையால் இறங்கினால்தான் உண்டு.

இதை நயினாருக்குத் தமிழில் சொன்னேன். அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி குடிம்மா."

"சூரியன் வரட்டும்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

எதிர்ச் சிகரங்களில் மஞ்சள் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது மலையின் மேற்கு முகம். இங்கே மதியம்வரை வெயில் வராது என்று கைடு சொன்னார்.

"அதோ பாரும்மா, வெயில் வந்துடுச்சி. எதிர்ல பாரு."

"நம்ம மேல வரலியேப்பா. கண்ணுக்குத் தெரியணும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் பாட்டிலை அவள் உதட்டில் வைத்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் மோவாய் வழியாக ஓடிக் கழுத்துத் துணியில் ஊறியது. "உடம்புக்கு முடியாதப்ப விரதம் இல்லம்மா, சாமியாருங்களே சொல்லுவாங்க" என்று கெஞ்சினார். "மறுபடி பேசாம இருந்துடுவீங்கப்பா" என்று முனகினாள். நான் இரண்டு பேரையும் கெட்ட வார்த்தையில் திட்டினேன். யாருக்கும் காதில் விழவில்லை. அவள் தலை ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. கீழே வெறும் பள்ளம். கைடு அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நயினார் அவள் கன்னத்தில் அறைந்தார். பிறந்ததிலிருந்து அவர் அந்தப் பெண்ணை அடித்ததில்லை.

"கண்ணத் தொற. என்னப் பாரு."

அவள் பார்த்தாள். அவர் பாட்டிலை அண்ணாந்து தன் வாயில் கவிழ்த்தார். மடக் மடக்கென்று குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. நினைவு தெரிந்த நாளாக வெயிலுக்கு முன்னால் எதுவும் தொடாத தொண்டை, விழுங்கத் தெரியாததுபோல் விக்கியது. விக்கிக்கொண்டே குடித்தார்.

"அப்பா… இன்னாப்பா பண்ணிட்டீங்க" என்று அவள் அழுதாள். கண்ணீர்கூட வரவில்லை, அவ்வளவு காய்ந்திருந்தாள்.

"நான் உட்டுட்டேன் பாப்பா. எம்மேல பண்ண சத்தியம் இனிமே செல்லாது. குடி."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்பா."

"சொல்லு. கோயில்ல என்ன நிக்க வெச்சிச் சொல்லு. அதுக்கு நீ ஊருக்கு வரணும்ல? குடிம்மா."

அமிர்தா வாயைத் திறந்தாள். கைடு குளுகோஸைக் கலந்து கலந்து கொடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வெகுநேரம் கழித்து எழுந்து பாறையைப் பிடித்து நின்றாள். கைடு மேலிருந்து அவள் கையைப் பிடித்தார். நயினார் அவளுக்குக் கீழே இறங்கி, முகத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவள் காலை நீட்டித் துழாவினாள், விளிம்பு எட்டவில்லை. அவர் அந்தக் காலை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார். பூட்ஸ் அவர் கழுத்தில் இடித்தது. அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"உங்க மேலயாப்பா?"

"ஆமா. நல்லா மிதி" என்றார் அமர்நாத்.