யசோதரா போட்ட மதிப்பெண்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யசோதராவுக்கு 'மார்க் போடுற பொண்ணு' என்று பெயர். பள்ளிக்கூட டீச்சர் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். அவள் மாமியார் ஃப்ளோரன்ஸ் கொஞ்ச காலம் அதைத் திருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டார். "பிளாக்செயின்னு ஒண்ணு கீது, அதுக்கு மார்க்கு போடறா" என்று சொன்னால், "அப்ப எந்த காயின் வாங்கலாம்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

யசோதராவிடமே வந்து கேட்டவர்களும் உண்டு. "வெல ஏறுமா எறங்குமான்னு எனக்குத் தெரியாது. பூட்டு ஒழுங்கா போட்டுக்கீறாங்களான்னு பாக்கறதுதான் என் வேல" என்பாள். கேட்டவர் முகம் தொங்கிப்போகும்.

அவள் வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா அன்பரசனுக்கு மணலியில் ஒப்பந்த வேலை. அம்மா மலர்க்கொடி தையல் கம்பெனிக்குப் போனார். அப்பா பௌத்த சங்கக் கூட்டங்களுக்கு விடாமல் போகிறவர் என்பதால் மகளுக்கு அந்தப் பெயர். பெண்கள் கால்பந்து அணியில் அவள் கோல்கீப்பர். கோல் விழுந்துவிட்டால் மற்றவர்கள் போல நடுவரைத் திட்ட மாட்டாள். தான் நின்ற இடம் தப்பா, பாய்ந்தது தப்பா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வருவாள். ராயபுரம் அணிக்குக் கைதட்ட வந்த ஜெரி என்ற பையன், எதிரணி கோல்கீப்பருக்கும் சேர்த்துக் கைதட்டினான். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சத்தம் கிடந்து, பிறகு அடங்கிக் கல்யாணம் நடந்தது. ஜெரி இப்போது துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான்.

கணிதம் படித்த யசோதராவுக்கு முதலில் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பிரிவையே கம்பெனி மூடியபோது, நிரல்களில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லி இணையத்தில் வரும் அறிவிப்புகளைப் பார்த்துச் சிலவற்றைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினாள். அவள் எழுதிய விதம் தஸ்னீமுக்குப் பிடித்துப்போனது. தஸ்னீம் புரசைவாக்கத்தில் ஒரு சின்ன அலுவலகம் வைத்து, பிளாக்செயினில் பணத்தைக் கையாளும் நிரல்களை, அதாவது புரோட்டோகால்களை, எவ்வளவு பத்திரம் என்று ஆராய்ந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வெளியிடுகிறவர். யசோதரா அங்கே சேர்ந்தாள். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை.

போன வருஷம் அவளுக்கு வந்தது 'ஓடம்' என்ற புரோட்டோகால். வங்கி இல்லாமலே கடன் கொடுத்து வாங்க ஒரு நிரல் அது. ஒருவர் போட்ட பணத்தை இன்னொருவர் எதையாவது ஈடாக வைத்துக் கடனாக எடுக்கலாம். நடப்பதெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பதிவாகும். ஆனால் அந்த நிரலையே மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தப்பான கையில் சிக்கினால் உள்ளே இருப்பதை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விடலாம். ஓடம் தன் ஆவணத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தது: அதிகாரத்துக்கு ஐந்து மின்னணுச் சாவிகள், ஐந்தும் வெவ்வேறு ஊர்களில் உள்ள ஐந்து பேரிடம், மூன்று பேராவது தங்கள் சாவியால் கையெழுத்திட்டால்தான் எதையும் மாற்ற முடியும்.

யசோதரா பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒவ்வொரு முறையும் மூன்று கையெழுத்தும் ஒரே மூச்சில் விழுந்திருந்தன. ஒருத்தர்கூடச் சாப்பிடப் போயிருக்க மாட்டாரா, ஒருத்தர் போனிலாவது சார்ஜ் தீர்ந்திருக்காதா? தன் வீட்டில் இருக்கிற மூன்று பேரை டீ குடிக்கக் கூப்பிட்டுச் சேர்ப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க ஏற்பாடு உண்டா என்று பார்த்தாள். உண்டு, ஆனால் அதற்கும் அதே சாவிகள்தான். மூன்று சாவியாவது ஒரே கையில் இருக்கலாம் என்று குறித்து, நாற்பத்தொன்று போட்டு, வெளியிடும் முன் பதில் கேட்டு வரைவை ஓடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாளே போன் வந்தது. ஓடத்தை ஆரம்பித்த சௌமியா பேசினாள். துரைப்பாக்கத்திலிருந்து.

"ரெண்டு கம்பெனி வந்து ஆடிட் பண்ணியிருக்காங்க. அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க நிரலப் பாத்தாங்க மேடம். சாவி எங்க கீதுன்னு பாக்கல."

"நாற்பத்தொண்ணுன்னா ஃபெயில்னு அர்த்தம். நான் நேர்ல வந்து விளக்கறேன்."

"வாங்க. சனிக்கிழமை வூட்லதான் இருப்பேன்."

சனிக்கிழமை பாரிமுனையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்மண்டபத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தாள் சௌமியா. யசோதராவை விட ஓரிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். வியர்வையில் நனைந்திருந்தாள். ஃப்ளோரன்ஸ் நன்னாரி சர்பத் கொடுத்தார். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "முதல்ல எங்க ஏற்பாட்டைக் காட்டறேன்" என்று பக்கத்தில் கையை நீட்டினாள். கை வெறும் பாயில் பட்டது.

"என் பை" என்றாள்.

வாசலில் பார்த்தார்கள். செருப்பு மட்டும் இருந்தது. சௌமியா எழுந்து நின்றாள், திரும்ப உட்கார்ந்தாள். லேப்டாப் தொலைத்தவர்களை யசோதரா பார்த்திருக்கிறாள். அவர்கள் முகம் இப்படி வெளுக்காது.

"சௌமியா, அந்த லேப்டாப்ல இன்னா கீது?"

சௌமியா மறுபடி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மூணு சாவியா?"

"அஞ்சும்."

யசோதரா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தான் சந்தேகப்பட்டது சரி என்று தெரிந்ததில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. "நகல் வெச்சிருப்பீங்களே? அத வெச்சு உடனே மாத்திடலாம்."

"ஆபீஸ் பீரோல இருக்கு."

"பீரோ சாவி?"

"பையில" என்றாள் சௌமியா.

ஃப்ளோரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஜெரி எழுந்து வந்தான். ஆட்டோ நம்பர் கேட்டான், தெரியவில்லை. டிரைவர் எப்படி இருந்தார் என்றான், அதுவும் தெரியவில்லை. கண்ணை மூடி யோசித்த சௌமியாவுக்கு ஒன்று மட்டும் நினைவு வந்தது. "நான் இறங்கறப்போ ஒரு அம்மா மீன் கூடையோட ஏறினாங்க. அவங்களுக்கு வழி விட்டு அவசரமா இறங்கினேன். மூக்குத்தி ரெண்டு பக்கமும் போட்டிருந்தாங்க."

"நம்ம நீலா" என்றார் ஃப்ளோரன்ஸ். "இந்நேரத்துக்குத் திருவொத்தியூருக்குத்தான் கூடைய எடுத்துகினு போவா." அப்போதே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். "நீலா, நீ குந்திக்கீற ஆட்டோல ஒரு பை கீதா பாரு."

"கீதுக்கா, கறுப்புப் பை. டிரைவரோடதுன்னு நெனச்சு கூடைய அது மேலயே வெச்சிட்டேன்."

"எடுத்து மடியில வெச்சுக்கோ. யாருக்கும் குடுத்துடாதே. இப்ப எங்க கீறே?"

"டோல்கேட்டு கிட்ட. கண்டெய்னர் லாரிங்க அடச்சிகினு கீது. ஆட்டோ நவுரல."

தினமும் சபிக்கப்படுகிற அந்த நெரிசலுக்கு அன்றைக்கு அந்த வீட்டில் நன்றி சொன்னார்கள். யசோதரா ஸ்கூட்டரை எடுத்தாள், சௌமியா பின்னால் ஏறினாள். லாரிகளுக்கு நடுவே சந்து கிடைத்த இடமெல்லாம் நுழைந்து போனார்கள். டோல்கேட்டுக்கு முன்பே நீலா ஆட்டோவிலிருந்து கையை வெளியே நீட்டி ஆட்டினார். அவர் மடியில் பை, காலடியில் கூடை.

டிரைவர் வேலப்பன் தலையை வெளியே நீட்டினார். "நீ எறங்கினதும் பாக்கி சில்லறைய வாங்கிக்கோன்னு எவ்ளோ தபா கத்துனேன் தெரியுமா? பையில இன்னா, நகையா?"

"சாவிண்ணே" என்றாள் யசோதரா.

"சாவிக்கா இப்டி அடிச்சிப் புடிச்சி வந்தீங்க? பூட்ட ஒடச்சிட்டு வேற போட வேண்டியதுதானே."

"அதத்தாண்ணே நானும் சொல்லிகினு கீறேன்."

பை முழுக்கச் சங்கரா மீன் வாடை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சௌமியா நடுரோட்டில் சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவளே சொன்னாள். ஆரம்பத்தில் ஐந்து பேரிடமும் தனித்தனியாகத்தான் சாவி இருந்தது. ஒரு தடவை அவசரமாக ஒன்றை மாற்ற வேண்டி வந்தபோது ஒருவர் விமானத்தில், ஒருவர் ஆஸ்பத்திரியில். நாள் முழுக்கத் தவித்தார்கள். "அப்புறம் எல்லாரும், நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு." பிறகு, "இன்னைக்கு நடந்ததை எழுதாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

யசோதராவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஓடத்தில் பணம் போட்டிருக்கிற, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அந்த ஆவணத்தை நம்பித்தான் போட்டிருந்தார்கள். "இப்பவே எழுதினா திருடனுக்கு வழி காட்டற மாதிரி ஆயிடும். மொதல்ல சாவிங்கள மாத்திப் பிரிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் வெளியிட மாட்டோம். அப்புறம் எழுதுவேன். எழுதாம இருக்க முடியாது."

சௌமியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஃப்ளோரன்ஸ் விடாமல் உட்காரவைத்துச் சோறு போட்டார். கோபத்தோடேயே நன்றாகச் சாப்பிட்டாள்.

தஸ்னீமும் அதையே சொன்னார். சாவிகள் மாறியதைப் பதிவுகளில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அறிக்கை வெளிவந்தது. ஐந்து சாவியும் ஒரே கருவியில் இருந்ததும், அந்தக் கருவி சிறிது நேரம் குழுவின் கையை விட்டுப் போனதும் அதில் இருந்தன. மதிப்பெண் முப்பத்தாறாகக் குறைந்திருந்தது. அன்றே ஓடத்தின் அபிமானிகள் கிளம்பிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதினாள் என்றார்கள், ஒன்றும் தெரியாதவள் என்றார்கள். ஜெரி அவற்றைச் சத்தமாகப் படித்துக்காட்ட, யசோதரா காதைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் சௌமியாவின் பெயரில் ஒரு பதில் வந்தது: "அறிக்கையில் உள்ளது உண்மை. பை என்னுடையது. தவறும் என்னுடையது. என்ன மாற்றியிருக்கிறோம் என்று கீழே எழுதியிருக்கிறேன்." அதற்குப் பிறகு திட்டியவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. சிலர் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள்.

சௌமியா மட்டும் கொஞ்ச நாள் யசோதராவிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள், "அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு ஒத்திகை பார்க்கப் போறோம். நீங்களும் வீடியோவுல இருங்க" என்று கூப்பிட்டாள். சாவி வைத்த பென் டிரைவ் அளவுக் கருவி இப்போது ஐந்து பேரிடமும் ஆளுக்கொன்று இருந்தது. முதல் ஒத்திகையில் திருச்சிக்காரர் கருவியை எங்கே வைத்தோம் என்று வீட்டையே புரட்டிப்போட்டார். கோழிக்கோட்டுக்காரர் ரகசிய எண்ணைத் தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டார். இரண்டாவது ஒத்திகை பரவாயில்லை. அதற்கடுத்ததில் மகிமா என்ற உறுப்பினர் கல்யாண மண்டபத்து மாடிப்படியில் நின்றபடி கையெழுத்துப் போட்டாள். கீழே நாதஸ்வரம் கேட்டது. இரண்டு பேர் வராமல் போனாலும் வேலை நடக்கிறது என்று யசோதரா குறித்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் மறு ஆய்வு முடிந்தது. மதிப்பெண் எழுபத்தெட்டு. சௌமியா உடனே போன் செய்தாள்.

"எண்பது போட்டா என்ன குறைஞ்சுடும் யசோ?"

"உங்க ஆவணத்துல ரெண்டு எடத்துல இன்னும் பழைய நிரலோட முகவரி கீது. படிக்கிறவங்க அதத்தான் போய்ப் பாப்பாங்க. மாத்துங்க, போடறேன்."

"இதுக்குப் போய் ரெண்டு மார்க்கா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. யசோதரா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடத்தின் ஆவணப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தாள். முதல் முகவரி மாறியிருந்தது. இரண்டாவதும் மாறும்வரை காத்திருந்து, எண்பது என்று திருத்தினாள். "போட்டாச்சு" என்றாள். வெளியே மழை வலுத்தது. கொடியில் கிடந்த ஜெரியின் யூனிஃபார்மை எடுக்க ஓடினாள்.