குடைக்கு நான் போட்ட மார்க்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வானொலி உரிமம் இருக்கிறது. முதலில் வாங்கியவன் நான். யாரிடம் பேசினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விடுவது இன்னொன்று: பரீட்சையில் நான் இரண்டாவது தடவைதான் தேறினேன். என் மனைவி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள்.

ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்தப் பெட்டியில் பொழுதுபோக்குக்காகப் பேசுவது. செல்போனில் நொடியில் பிடித்துவிடக்கூடிய ஆளைக் கம்பி கட்டி, கரகரப்புக்கு நடுவே கூப்பிட்டு, "கேக்குதா?" என்று கேட்பதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுப் பல காலமாகிறது. எனக்கு அது சுகம். என் சுகமாக மட்டும் அது இருந்த வரைக்கும் வீட்டில் ஒரு தொல்லையும் இல்லை.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது அவள்தான். கேட்டுக் கேட்டே பாதி மனப்பாடம். "நானும் எழுதிப் பாக்கறேனே" என்றாள். "தாராளமா" என்றேன். அந்தத் தாராளத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என் அழைப்புக்கு வரும் பதில் மாறிப்போனது. "குட் மார்னிங் சார். மேடம் இருக்காங்களா?" குரோம்பேட்டையில் ஒருவர், கீழ்க்கட்டளையில் ஒருவர், கோவிலம்பாக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு சார், எல்லோரும் இதையே கேட்டார்கள். நான் மேடத்துக்கு டெலிபோன் ஆபரேட்டர் ஆனேன். எங்கள் கிழக்குத் தாம்பரம் அடுக்ககத்தில் அசோசியேஷனோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி, மொட்டை மாடியில் நான் நிறுத்திய ஆன்டெனா வழியாகத்தான் அவள் பேசினாள். ஆனால் பாராட்டு மட்டும் அவள் குரலுக்குப் போனது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு ஞாயிறு காலை, கடையில் வாங்கிய ஆன்டெனாவை யாரும் தொடக்கூடாது. வீட்டுச் சாமானைத்தான் ஆன்டெனாவாகக் கட்ட வேண்டும். ஒருவர் துணி காயப்போடும் கம்பியைக் கட்டுவார், ஒருவர் ஜன்னல் திரைக் குழாயை. ஒருவர் டிபன் கேரியரின் நீண்ட கம்பியைக் கட்டிப் பக்கத்துத் தெருவைக்கூடத் தொட முடியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். செங்கல்பட்டில் ஒரு நண்பர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். அவரை எட்டுகிறவர் ஜெயித்தவர். வெறும் விளையாட்டுதான், பரிசு எதுவும் கிடையாது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பேசுகிறவனுக்குத் தன் குரல் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஒருநாளும் தெரியாது. கேட்டவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு எண்கள். முதலாவது தெளிவு, ஐந்துக்கு. இரண்டாவது வலு, ஒன்பதுக்கு. ஃபைவ் நைன் என்றால் நூற்றுக்கு நூறு. எதிராளி சொன்ன எண்ணை அவரவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். கோவிலம்பாக்கம் சார் எல்லோருக்கும் ஃபைவ் நைன்தான் போடுவார். அவரால் யார் மனதையும் நோகடிக்க முடியாது. நான் அப்படி இல்லை. ஃபோர் சிக்ஸ் என்றால் ஃபோர் சிக்ஸ்தான். "சார் கையால ஃபைவ் நைன் வாங்கறது கஷ்டம்பா" என்று அலையிலேயே பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த வருடம் நான் அலுமினிய ஏணியைக் கட்டினேன். பெரிய சாமான் என்றால் பெரிய சத்தம் போகும் என்று என் எண்ணம். சோதித்துப் பார்க்க அவளை ஸ்கூட்டரில் பெருங்களத்தூருக்கு அனுப்பினேன். கையடக்கமான செட்டை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"த்ரீ த்ரீ. சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. ஓவர்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சப்பாத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் அடித்த காற்றில் அவள் குடை பின்புறமாக மடங்கித் துணி கிழிந்தது. யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவள் துணியை உரித்துவிட்டுக் குடைக் கம்பிகளை அடிஸ்கேலால் அளந்தாள். எட்டுக் கம்பி, ஒவ்வொன்றும் அரை மீட்டரை ஒட்டி. நாங்கள் பேசும் அலைக்கு வேண்டிய நீளம் கிட்டத்தட்ட அதுதான். சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, அதே அளவுக்கு வெட்டி, குடையின் உச்சியில் நட்டாள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் ஒரு ஸ்கெட்ச் பேனாவின் கூடு. பழைய கேபிள் டி.வி. ஒயரை இணைத்தாள். குடையின் கைப்பிடியைப் பால்கனிக் கம்பியில் சணலால் கட்டி, குடை வெளியே விரிந்து நிற்கும்படி செய்தாள். கீழ் வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்து, "என்ன மேடம், குடை விரிச்சிருக்கீங்க, துணியக் காணோமே" என்றார்.

"என் கையால செஞ்சது ஒண்ணு செங்கல்பட்டு வரைக்கும் பேசணுங்க. அவ்ளோதான் ஆசை" என்றாள் என்னிடம்.

எனக்கு அந்தக் குடையைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அது வேலை செய்யும் என்று. அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். இத்தனை வருடமாகக் குடை பிடிக்கிறேன், ஒருநாளும் அதன் கம்பியை அளக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பெருங்களத்தூர் போனேன். ஊருக்குப் போகிற கூட்டம் பையும் மூட்டையுமாகப் பேருந்துக்கு அலைமோதிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரை ஓரம் கட்டி, செட்டைக் காதோடு ஒட்டிவைத்தேன்.

"கேக்குதா? குக்கர் வெச்சிருக்கேன், மூணு விசில்ல எறக்கணும். சீக்கிரம் ரிப்போர்ட் சொல்லுங்க. ஓவர்."

கரகரப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. அத்தனை ஹாரன் சத்தத்துக்கும் நடுவில் அவள் என் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. மொட்டை மாடியில் நிற்கும் என் கடை ஆன்டெனாவில்கூட அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. அப்படியே ஃபைவ் நைன்.

வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

"டூ ஒன்" என்றேன். "வார்த்தை புடிபடல. ஒரே இரைச்சல். ஓவர்."

உடனே செல்போனில் கூப்பிட்டாள். "உங்க குரல் எனக்கு நல்லா வருதே. நல்லாக் கேக்கற ஆன்டெனா நல்லாப் பேசவும் செய்யும்னு படிச்சோமே."

அவள் சொன்னது சரி. நான் விடவில்லை. "அது பெரிய கம்பிக்குத்தான். இந்த மாதிரி குட்டிச் சாமானுக்கெல்லாம் அது ஒத்து வராது" என்றேன். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு நிற்காமல் அதற்கு விளக்கமும் சொன்னேன்.

அவள் விட்டுவிடவில்லை. ஒயரைத் திருகி, கம்பியைச் சாய்த்து, பொத்தானை அழுத்திக்கொண்டு ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். அவள் எண்ணுவதற்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் கூவியது. ஒரு விசில், இரண்டு, மூன்று. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நான்கு. அடுப்பை அணை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஐந்து, ஆறு, ஏழு. பெருங்களத்தூர் சாலையோரத்தில் நின்றுகொண்டு என் வீட்டுப் பருப்பு பாழாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாம்பார் கஞ்சியாக இருந்தது. "எத்தன விசில் விட்டேன்னே தெரியல" என்றாள். நான் தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் குடையை அவிழ்த்துக் கொண்டுவந்து, பழைய பேப்பர்காரருக்குப் போடச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் சாத்தினாள்.

மறுநாள் போட்டி. அவள் அவசரத்துக்கு வகுப்பில் உபயோகிக்கும் இரண்டு ஸ்டீல் ஸ்கேல்களைக் கட்டினாள். பல்லாவரம் தாண்டவில்லை. நான் என் ஏணியோடு போராடிக் கீழ்க்கட்டளைக்காரரைத் தொட்டேன், அவரும் பரிதாபப்பட்டுத்தான் பதில் சொன்னார் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டைத் தொட்டது திரைக் குழாய்க்காரர். டிபன் கேரியர்காரர் அந்த வருடம் கலந்துகொள்ளாததால், முடிவு சொன்னபோது எனக்குக் கடைசிக்கு முந்தின இடம், அவளுக்குக் கடைசி. அந்தக் கடைசிக்கு முந்தின இடத்துக்காகத்தான் நான் அத்தனையும் செய்திருக்கிறேன்.

போட்டி முடிந்தால் குறிப்பேட்டைப் பார்த்து நேரங்களைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். என் கையெழுத்து எனக்கே புரியாததால் அவள் குறிப்பேட்டைப் புரட்டினேன். முந்தின நாள் பக்கம் திறந்துகொண்டது. 'குடை' என்று தலைப்பு போட்டு அடிக்கோடிட்டிருந்தாள். நான் பெருங்களத்தூருக்குப் போய்ச் சேரும் முன்பே கோவிலம்பாக்கம் சாரிடம் பேசியிருக்கிறாள். அவர் போட்ட மார்க், ஃபைவ் நைன். அதற்குக் கீழே நான் போட்டது, டூ ஒன். பக்கத்தில் அவளுடைய அழகான டீச்சர் கையெழுத்தில் ஒரு வரி.

'சார் எல்லோருக்கும் இதையே தருவார். இவர் சொல்வதுதான் கணக்கு.'

கோவிலம்பாக்கத்துக்கு அந்தக் குடை போய்ச் சேர்ந்திருக்கிறது. உண்மையைச் சொன்னவரை அவள் நம்பவில்லை. என்னை நம்பினாள். ஒருநாளும் யாருக்கும் அதிகமாகப் போட்டதில்லை என்ற என் பெருமையை வைத்துத்தான் நான் அவளை ஏமாற்றியிருக்கிறேன்.

அவள் ஹாலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து உன் குடை ஃபைவ் நைன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "இன்னிக்கி நான் கடைசி வந்ததுக்கு ஆறுதலா?"

"இல்ல. நேத்து சொன்னதுதான் பொய்."

சிவப்புப் பேனா நின்றது. "எதுக்குப் பொய் சொல்லணும்?"

"பொறாமை." வேறு எதையாவது சொல்லலாமா என்று யோசித்தேன். இருந்ததே அதுதான். "என் ஏணிக்கு நீ த்ரீ த்ரீ போட்ட. எல்லாரும் உன்னையே கேக்கறாங்க. என்னால தாங்க முடியல."

அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்தவனை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"நெஜமாவே கேட்டுதா? எத்தன விசில்?"

"ஏழு. நீ பொத்தான அழுத்தியிருந்தப்ப வந்தது மட்டும்."

"மூணாவதுலயே சொல்லியிருக்கலாம்" என்றாள். "பருப்பாவது நல்லா இருந்திருக்கும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, சமாதானம் ஆகி, முடிந்திருக்கும். அவள் அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டாள். ராத்திரி தோசை வந்தது, சட்னியும் வந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் குடையைக் காணவில்லை. பேப்பர்காரர் கொண்டுபோய்விட்டாரோ என்று பதறிப் பால்கனிக்குப் போனேன். குடை வெளியே விரிந்து நின்றது. சணல் புதுசு. அவள் ஒயரைப் பெட்டியில் சொருகிக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன், ஹெல்மெட்டை மாட்டினேன், கையடக்க செட்டின் பேட்டரியைப் பார்த்தேன். "பெருங்களத்தூர் என்ன, வண்டலூருக்கே போறேன். அங்கேருந்து சொல்றேன்" என்றேன்.

"வேணாங்க. கோவிலம்பாக்கம் சாரக் கேட்டுக்கறேன்."

"அவர் எல்லாருக்கும் ஃபைவ் நைன்தானே போடுவாரு? அத வெச்சு என்ன தெரியும்?"

"தெரியும்" என்றாள். "அவர் சொல்றதுல எவ்ளோ கழிக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்றதுல எவ்ளோ கூட்டணும்னு தெரியல."

அவள் பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக் குறியைச் சொன்னாள். பெட்டியில் உடனே குரல் வந்தது. "வணக்கம் மேடம். பிரமாதமா இருக்கு. ஃபைவ் நைன்." அவள் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினாள். நான் கழற்றாத ஹெல்மெட்டோடு பால்கனிக் கதவோரம் நின்று, யாருக்கும் உண்மை மார்க் போடத் தெரியாத அந்தப் பெரியவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.