வலது பின்சக்கரம்

அண்ணன் போய் இன்றோடு ஒரு வருடம். வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் தம்பி. ஆறாவது வரைதான் படித்தேன். அண்ணனைப் பற்றி ஒரு விஷயத்தை எல்லாரும் தப்பாகச் சொல்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கெர்லிங் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அப்பா துரையின் காரைக் கழுவுவார். கழுவலாம், உட்காரக் கூடாது. சின்ன வயதில் அண்ணன் ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். வேலை வாங்கும் மண்டோர் காதைப் பிடித்து இறக்கினார். பிறகு அண்ணன் லோரி பட்டறையில் வேலை கற்றார். எஸ்டேட் கைமாறியபோது அதே காரை வாங்கினார். கோலசிலாங்கூருக்கு அதில்தான் குடிவந்தோம்.

போவதற்குச் சில மாதம் முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே கார் மழையில் மாதக்கணக்கில் நின்றது. பின்சக்கரம் இரண்டும் துருவில் பிடித்துக்கொண்டன. தாய்மாமா வந்து பார்த்தார்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுலா. லோரிக்காரன் தூக்கிட்டுப் போவான்."

அண்ணன் இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

அண்ணி சொன்னார்: "யாரும் தூக்கக் கூடாதாம். தானா உருண்டுதான் வாசலைத் தாண்டணுமாம்."

"வாயே வரல, இவ்வளவும் சொன்னானா?"

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் மாமா. எனக்குத் தெரியும்."

அண்ணனைக் கார் பக்கத்தில் உட்கார வைத்து வேலையை ஆரம்பித்தேன். பிரேக் டிரம் ஒரு இரும்புச் சட்டி மாதிரி. உள்ளே இரண்டு கட்டைகள் அதை அழுத்திப் பிடிக்கும். பின்பக்க ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் திருகைத் திருகினால் கட்டைகள் அடங்கும், டிரம் கழன்று வரும். இடது பக்கம் ஒரே காலையில் வந்துவிட்டது. வலது பக்கத்தையும் அப்படியே திருகினேன். இரண்டு நாள். இன்னும் இறுகியது. சம்மட்டியை எடுத்தேன். அண்ணன் இடது கையைத் தூக்கி மணிக்கட்டை ஆட்டினார்.

"போதும், விடுங்கிறான். மனசு விட்டுப்போச்சு," என்றார் மாமா.

நானும் நம்பினேன். சாமான்களை எடுத்து வைத்தேன். நாலாம் நாள் அண்ணன் தவறினார். சாவு வீட்டில் எல்லாரும் அதையே சொன்னீர்கள். காரையே வேண்டாம் என்றுவிட்டார், தெரிந்துதான் போனார் என்று. 

காரியம் முடிந்த மறுநாள் காலை காருக்கு அடியில் படுத்தேன். இடது பக்கத்தைப் பார்த்தேன், வலது பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு திருகுக்கும் மரை நேர் எதிர்; ஒன்று கழலும் பக்கம் சுற்றினால் மற்றது இறுகும். கழற்றுவதாக நினைத்து இரண்டு நாளும் இறுக்கியிருக்கிறேன். மாற்றித் திருகினேன். மரச்சுத்தியலால் சுற்றித் தட்டினேன். துரு கொட்டியது. டிரம் கையோடு வந்தது.

அப்போதுதான் மாற்றித் திருகிய என் மணிக்கட்டைப் பார்த்தேன். அண்ணன் ஆட்டியதும் இதே பக்கம் திருப்பித்தான்.

அண்ணன் விடச் சொல்லவில்லை. மாற்றித் திருகச் சொன்னார். கடைசி வாரத்திலும் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். எனக்குத்தான் புரியவில்லை.

அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டாருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. இன்று காலை அவரை நான்தான் பஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தேன். துரை உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

கார் வெளியே ரோட்டில் நிற்கிறது. தானாக உருண்டுதான் வாசலைத் தாண்டியது.