ரெண்டு துண்டு நீல சாக்பீஸ்

இதை எழுத உட்காரும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது. விழுங்க மனம் வரவில்லை. எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். கிழவி கதை கட்டிவிடுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். என் நாத்தனாரின் மருமகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

வீட்டில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு ஒல்லி. சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. அந்த உடம்பில் ஏழு மாத வயிறு, யாரோ ஒட்டவைத்தது போல் இருக்கும். முகம் வெளுப்பு, நகம் வெளுப்பு. கீழ் இமையைப் புரட்டிப் பார்த்தால் அங்கேயும் வெளுப்பு.

"மாத்திரை போட்டியாடி?" என்று மாமியார் கேட்பாள்.

"போட்டேன் அத்தை."

எங்கே போட்டாள்? இரும்புச்சத்து மாத்திரை ஆணியை நக்கின மாதிரி இருக்கிறதாம். வெளிக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பாம். குமட்டுகிறதாம். மாத்திரை எல்லாம் ஜன்னல் வழியே போயிற்று.

அவள் ஆசையாகத் தின்றது வேறு. துணியில் குறி போடுகிற நீல சாக்பீஸ். மெஷினுக்கு முன்னால் குனிந்து, யாரும் பார்க்காத நேரம் ஒரு கடி. சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு இரண்டே கக்கூஸ். முதல் கதவைத் திறந்தால் மஞ்சள் தண்ணீர் பொங்கி நிற்கும். தரையெல்லாம் வழவழவென்று ஒரு பாசி. செருப்பு ஒட்டி, 'ப்ச்' என்று உரிந்து வரும். சுவரில் யாரோ கை துடைத்த தடம் காய்ந்திருக்கும். அந்த நாற்றம் துணியில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும். அதற்குப் பயந்தே அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை நாக்கு வறண்டு தைப்பார்கள்.

ஊசியால் அடக்க முடியுமா? வயிற்றுப் பிள்ளை உதைக்கிற உதையெல்லாம் மூத்திரப் பையில்தான் விழுகிறது. முதல் கதவைத் திறந்தாள். ஓங்கரித்தாள். மூடினாள். இரண்டாவது கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் இரு... இன்னும் முடியல."

களைத்துப்போன பெண் குரல். ஊசி காத்து நின்றாள். மணி அடித்துவிட்டது. அடக்கிக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினாள்.

மறுநாளும் அதே குரல். அடுத்த நாளும்.

பக்கத்து மெஷினில் காலர் தைக்கிற அக்காவிடம் கேட்டாள். "ரெண்டாவது கக்கூஸ்ல எப்பவும் யாருக்கா? முட்டை போட்டு அடைகாக்கிறாளா?"

காலர் அக்காவின் நூல் அறுந்தது.

"அது ரிப்பேர். மூக்கைப் பொத்திக்கிட்டு முதல்லயே போ."

"ரிப்பேர்னா உள்ள எப்படி..."

"போன்னா போயேன்டி. வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு ஆயிரம் கேள்வி!"

ஊசி தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். எவளோ வேலைக்கு டிமிக்கி கொடுத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அக்கா காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். சரி, வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் நேரே அங்கே போனாள். நல்ல வெயில் நேரம். அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

டொக்... டொக்...

தட்டினாள்.

"கொஞ்சம் இரு... சாக்பீஸ் வச்சிருக்கியா?"

ஊசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசனை வருதே."

கதவின் கீழ் இடுக்கில் விரல்கள் வந்தன. நகம் வெளுப்பு. இவளுடையது போலவே. தண்ணீரில் ஊறிப்போன தோல், பிசுபிசுவென்று நகத்தைவிட்டுக் கழன்றிருந்தது.

பாவம், நம்மைப் போல் ஒருத்தி... ஊசி ஒரு துண்டை வைத்தாள்.

விரல்கள் உள்ளே போகவில்லை.

"ரெண்டு கொடு."

கொடுத்தாள்.

கறுக்... கறுக்... கடிக்கிற சத்தம்.

அப்புறம் இன்னொரு சத்தம். சப்புகிற சத்தம்.

கதவுக்கடியிலிருந்து ஒரு பாதித் துண்டு உருண்டு வந்தது. ஈரமாக. கோழை நூல் இழுத்துக்கொண்டு.

"மீதி நீ தின்னு. உனக்கும் ஆசைதானே?"

எடுத்தாள். துடைத்தாள். வாய் ஊறிவிட்டதாம்...

தின்றாள்.

வெதுவெதுப்பாக இருந்ததாம்.

உப்பு. துரு. பழைய மூத்திரம்.

அன்று சாயந்திரமே குளிர் ஜுரம். கட்டில் ஆடுகிற நடுக்கம். இடுப்புக்கு மேல் முதுகில் கத்தி இறக்கினாற்போல் வலி. நீலமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த மூத்திரம் கலங்கி, அடியில் சீழ் தங்கி நின்றது. நர்ஸே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீல வாந்தி எதனால் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரம்மா கத்தினாள். "உடம்புல ரத்தமே இல்ல. ரத்தம் குறைஞ்சாதான் இந்த சாக்பீஸ் ஆசையெல்லாம் வரும். அடக்கி அடக்கி கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிள்ளை தங்கியிருக்காது, தெரியுமா?"

மருந்து ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பார்க்க வந்த காலர் அக்காவிடம் இவள் கதவு விஷயத்தைச் சொன்னாள். அக்கா கேட்டதும் எழுந்துபோய்விட்டாள்.

பிள்ளை நாளுக்கு முன்னாலேயே பிறந்தது. சின்னது. ஆனால் வீறிட்டு அழுதது. அதற்கப்புறம்தான் அக்கா மறுபடி வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"கதவைப் பேத்துப் பார்த்துட்டோம்டி. பின்னாடி செங்கல் சுவர். கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு."

"உள்ள யாரு?"

"ஒருத்தி. உன்னை மாதிரியே வயிறு, உன்னை மாதிரியே வெளுப்பு. குளிர் ஜுரத்தோட உள்ள போனா. மத்தியானம் தட்டினோம், 'கொஞ்சம் இரு'ன்னா. சாயந்திரம் தட்டினோம், அதேதான். அப்புறம் கதவை உடைச்சாங்க. காலையிலேயே உயிர் போயிருச்சுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் சுவர் எழுப்பி, முன்னாடி கதவையும் மாட்டிட்டாங்க."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட யாருடி இதைச் சொல்வா? பயந்துடுவேன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்."

அக்கா ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள்.

"கதவுக்கும் சுவருக்கும் நடுவுல நாலு விரல் இடம். அதுல இது கிடந்துச்சு."

நீல சாக்பீஸ். ஒன்று முழுக்கப் பல் தடம், பெரிய ஆளின் பல்.

இன்னொன்றில் பல் தடம் இல்லை. ஈறு. அதுவும் சின்ன ஈறு.

மடியில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது. மூன்று பேரும் அந்த வாயையே பார்த்தோம்.

சப்பிச் சப்பி ஊறி உடைந்திருந்தது அந்தத் துண்டு. பாதிதான் இருந்தது.

மீதிப் பாதி எங்கே என்று ஊசி கேட்கவில்லை.