நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டிய வண்டி

முத்துராணிக்கு ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் ஒரு காது தெருவில் இருக்கும், ஒரு கை செல்போன் மேல் இருக்கும். விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் அவள் கணவன் சிவசைலம், "கல்யாண வீட்டுப் பந்தியில கூட ஓடுத பஸ்ஸப் பிடிக்கப் போறவ மாதிரில்லா சாப்பிடுதா" என்று சொல்லிச் சிரிப்பான். அவள் பார்க்கும் தொழில் அப்படி. பதினோரு வருடமாக அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு வருகிறாள்.

பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. அந்த நேரம் தப்பிவிட்டால் மாடு மறுபடி பருவத்துக்கு வர இருபத்தொரு நாள் ஆகும். ஒரு மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் அந்த இருபத்தொரு நாளும் வெறும் தீவனச் செலவு. அதனால் போன் மணி அடித்த மறு நிமிடம் முத்துராணி வண்டியை உதைத்துக் கிளப்பிவிடுவாள்.

வண்டி அவளுடைய அண்ணன் மஸ்கட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. இருபத்தாறு வருடத்துப் பழைய மோட்டார் சைக்கிள். பின்பக்கம் ஒரு இரும்புக் கூடு பற்றவைத்து, உறைந்த விந்துக் குச்சிகள் கிடக்கும் நைட்ரஜன் கேனை அதில் நிறுத்தி வார் போட்டுக் கட்டியிருந்தாள். ஆரம்பத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கியர் வண்டி ஓட்டிப் போனபோது தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிப்போனது. வரப்பு, வாய்க்கால் கரை, சேறு எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் தோது என்று அவளும் பழகிவிட்டாள்.

அந்த வருடம் ஏப்ரலில் வண்டி அவளைக் கைவிட ஆரம்பித்தது. முதல் தடவை கல்லிடைக்குறிச்சி ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பத்து இருபது உதை உதைத்தாள். அசையவில்லை. புளியமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் கழித்துச் சும்மா ஒரு உதை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் நின்றது.

விக்கிரமசிங்கபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த தேவதாசன் அண்ணாச்சியிடம் கொண்டுபோனாள். அவர் உதைத்தார். வண்டி முதல் உதையில் கிளம்பி, குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு நின்றது. பிளக்கை மாற்றினார். அடுத்த வாரம் பிளக்கின் தொப்பியை மாற்றினார். அதற்கடுத்த வாரம் பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி ஊதினார். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் நன்றாக ஓடும். அவளும் தீர்ந்தது சனியன் என்று நினைப்பாள். பிறகு எங்காவது பொட்டல் வெயிலில் நிற்கும்.

"கடைக்கி வந்தா நல்ல பிள்ளையா இருக்கு தாயி. ஓடுத வண்டியில நான் என்னத்தக் கண்டுபிடிக்க?" என்றார் தேவதாசன். "நின்ன எடத்துல, நின்ன சூட்டோட பாக்கணும்."

"நிக்கிற எடத்துல நீங்க இருக்க மாட்டீங்களே அண்ணாச்சி."

முழுசாக நின்றுபோன வண்டியாக இருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இது எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் அவளை அரித்தது. ஓட்டும்போது இன்ஜின் சத்தத்தில் சின்னதாக ஒரு மாறுதல் கேட்டாலும் வேகத்தைக் குறைத்துக் காது கொடுப்பாள். மாட்டுக்காரர்கள் பேசும்போது பாதி காதில் விழாது. ராத்திரி படுத்தால் காலையில் எந்த வழியாகப் போனால் நிழல் இருக்கும் என்றே மனம் ஓடும். "வித்துத் தொலை, வேற பாப்போம்" என்றான் சிவசைலம். என்ன கோளாறு என்றே தெரியாத வண்டியை இன்னொருத்தர் தலையில் கட்ட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

மே மாதம் பத்தாம் தேதி அவள் பயந்தபடியே நடந்தது. அயன் சிங்கம்பட்டியிலிருந்து தங்கத்தாய் போன் போட்டாள். புருஷன் இல்லாதவள். ஒரே ஒரு கறவை மாடு. முந்தின நாள் சாயங்காலமே மாடு கத்த ஆரம்பித்தது அவளுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. "வெரசா வந்துரு முத்துராணி" என்றாள். மணிமுத்தாறு வாய்க்கால் கரையில் வண்டி நின்றது. ஆறட்டும் என்று காத்திருந்து கிளப்பினால் ஒரு மைல் ஓடி மறுபடி நின்றது. கடைசியில் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டியிருந்தது. மாட்டைச் சோதித்துப் பார்த்தாள். பருவம் அடங்கிவிட்டிருந்தது. இருந்தாலும் ஊசி போட்டாள். பிடிக்காது என்று அவளுக்கே தெரியும்.

தங்கத்தாய் திட்டவில்லை. "உன்ன நம்பித்தாம்மா நான் வேற ஆளக் கூப்பிடல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது முத்துராணிக்கு.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாடுகளின் பருவத் தேதி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் எந்த ஊர், கிளம்பி எத்தனை நிமிடம், வெயிலா மேகமா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்று நினைவிலிருந்து எழுதினாள். அதன்பிறகு நின்றபோதெல்லாம் ரோட்டோரத்திலேயே எழுதினாள். இரண்டு வாரத்தில் தேவதாசனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "முப்பது நிமிசம், முப்பத்தஞ்சு, முப்பது... சூடாகித்தான் நிக்கி. ஆறுனா ஓடுது." கண்ணாடியைக் கழற்றினார். "பெட்ரோலா கரண்டான்னு தெரிஞ்சா போதும். இந்தா, இந்தப் பழைய பிளக்க வச்சுக்க. அடுத்தவாட்டி நின்னதும் தொப்பிய உருவி இதுல மாட்டு. பிளக்க இன்ஜின் இரும்புல சாத்தி வச்சுட்டு உதை. பொறி வருதான்னு பாரு. தொப்பிய ரப்பர்ல பிடி, இல்லன்னா கையில அடிக்கும்."

மூன்று நாள் கழித்து அடையக்கருங்குளம் விலக்கில் நின்றபோது செய்து பார்த்தாள். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாதே என்று முந்தானையால் மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பொறி இல்லை. மறுபடி உதைத்தாள். இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து அதே பிளக்கில் நீலமாகச் சொடுக்கியது. பெட்ரோல் குற்றம் இல்லை என்று தெரிந்தது. அவளுக்கு அன்று சாப்பாடு கொஞ்சம் இறங்கியது.

மே முப்பத்தொன்று தங்கத்தாயின் மாட்டுக்கு இருபத்தோராம் நாள். முந்தின நாளே பட்டறைக்குப் போய்ச் சொன்னாள்: "அண்ணாச்சி, நாளைக்கிக் காலைல சிங்கம்பட்டி போகணும். நீங்களும் பின்னால ஏறிக்கிடுங்க. போற வழியில எப்படியும் நிக்கும்."

தேவதாசன் பட்டறையைப் பார்த்தார். நாலு வண்டி வரிசையில் நின்றன. "சரி வாரேன். எனக்கும் இது ஒரு மாசமா தூக்கத்தக் கெடுக்கு."

நினைத்ததுபோலவே முப்பத்தொன்றாம் தேதி விடிகாலையில் தங்கத்தாயின் போன் வந்தது. மாடு ராத்திரியிலிருந்து கத்துகிறது. தேவதாசன் சட்டைப் பையில் மீட்டரும், மடியில் ஸ்பேனர் பையுமாக ஏறி உட்கார்ந்தார். அம்பாசமுத்திரம் தாண்டியது. ஆற்றுப் பாலம் தாண்டியது. கல்லிடைக்குறிச்சியும் தாண்டியது. வண்டி தேன்போல ஓடியது. இன்றைக்கு மட்டும் நிற்காமல் இருக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. நிற்கவே இல்லையென்றால் இவரை வீணாக இழுத்து வந்ததாகிவிடுமே என்று இன்னொரு மனம் பதறியது.

"என்ன தாயி, நிக்க மாட்டேங்கு?" என்று பின்னாலிருந்து கேட்டார் தேவதாசன்.

அவர் கேட்டு இரண்டு மைல் போகவில்லை, வாய்க்கால் கரையில் இருமி நின்றது.

அவர் குதித்து இறங்கினார். முத்துராணி பிளக்கை மாட்டி உதைத்தாள். பொறி இல்லை. அவர் டேங்குக்கு அடியில் இருந்த ஒரு சின்ன இணைப்பைப் பிடுங்கி மீட்டர் முனைகளை வைத்தார். முள் அசையவில்லை. "பிக்கப் காயில்" என்றார். "காந்தம் சுத்துதப்போ எப்பம் பொறி விடணும்னு சொல்லுத காயில். செத்துக் கெடக்கு பாரு. ஆனா ஒண்ணு, ஆறுதப்போ உயிர் வருதான்னு கூட நிண்ணு பாக்கணும். அப்பந்தான் நிச்சயம்."

முத்துராணி மணி பார்த்தாள். எட்டேகால். நின்று பார்க்க ஆசைதான். ஒரு மாதமாகத் தேடிய கோளாறு கண்ணெதிரே கிடந்தது. ஆனால் அங்கே மாடு கத்திக்கொண்டிருந்தது.

"நீங்க பாருங்க. நான் போறேன்" என்று கேனின் வாரை அவிழ்த்தாள். வாழைத்தார் ஏற்ற வெறுமனே போய்க்கொண்டிருந்த குட்டி லாரியைக் கை காட்டி நிறுத்தி, கேனை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

தொழுவத்தில் தங்கத்தாய் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். "வண்டி எங்க?" என்று கேட்டாள்.

"நின்னுட்டு மதினி. நான் வந்துட்டேன்லா."

கையுறை மாட்டி மாட்டின் உள்ளே கையை விட்டதும் முத்துராணியின் பரபரப்பு எல்லாம் அடங்கியது. அவளுக்கு உடம்பு முழுக்க அமைதியாகும் இடம் அது ஒன்றுதான். பருவம் சரியாக இருந்தது. குச்சியை வெந்நீரில் காட்டி எடுத்து, பைய ஊசியைச் செலுத்தி, வெளியே எடுத்தாள். "இன்னைக்கி நேரத்துக்கு விழுந்திருக்கு" என்றாள். தங்கத்தாய் மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது தேவதாசன் கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் ஈரம். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு இன்ஜினின் பக்க மூடி மேல் பைய ஊற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்திருக்கிறார். "ஏழாவது பாட்டிலுக்கு முள்ளு எந்திரிச்சு வந்துட்டு. செத்தவன் எந்திரிச்ச மாதிரி" என்று அவர் சொன்னபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. காயிலின் உள்ளே மயிரிழைக் கம்பி எங்கோ விட்டிருந்தது. ஆறியபோது ஒட்டிக்கொள்ளும், சூடானபோது விலகும். மறுநாளே திருநெல்வேலியிலிருந்து புதிய காயில் வரவழைத்து மாட்டினார்.

ஒன்பது நாள் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாரல் தொடங்கியிருந்தது. பத்தாம் நாள் காலையில் பாபநாசம் ரோட்டுத் திருப்பத்தில், வீட்டைவிட்டுக் கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில், இன்ஜின் பட்டென்று அணைந்தது. பின்னால் வந்த பஸ் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போனது. ஓரத்தில் காலை ஊன்றி நின்ற முத்துராணிக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. ஹேண்டிலை நேராக்கி உதைத்தாள். உடனே கிளம்பிவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது.

"வித்துத் தொலைன்னு நான் அப்பமே சொன்னேன்" என்றான் சிவசைலம், அன்று ராத்திரி வீட்டில்.

அவள் நோட்டை எடுத்தாள். எழுதியிருந்த பதினான்கில் பதினொன்று, அரை மணி ஓடி நின்றவை. மூன்று மட்டும் ஒட்டவில்லை. மூன்றும் கிளம்பிய உடனே நின்றவை. ஏதோ கணக்குப் பிசகு என்று அவளும் தேவதாசனும் தள்ளிவிட்டவை. ஒன்றில் 'தெருமுனை' என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில் 'பால் டெப்போ திருப்பம்'. மூன்றாவதில் 'கோவில் வாசல்'. காலையில் நின்ற பாபநாசம் ரோட்டுத் திருப்பம்போலவே மூன்று இடத்திலும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். சூட்டில் நின்றபோதெல்லாம் இருமி நின்றது. இவை இருமாமல், சாவியைத் திருகி அணைத்ததுபோல நின்றவை.

எழுந்து முற்றத்துக்குப் போய் வண்டியைக் கிளப்பினாள். நின்ற வாக்கிலேயே ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினாள். ஓடியது. இடப்பக்கம் முழுக்கத் திருப்பினாள். பட்டென்று அணைந்தது. நேராக்கி உதைத்தாள், ஓடியது. இடப்பக்கம் திருப்பினாள், அணைந்தது. மூன்றாம் தடவை செய்தபோது சிவசைலமும் வந்து நின்று பார்த்தான்.

"என்னட்டி பண்ணுத?"

"விளக்கைப் பிடிங்க."

டார்ச் வெளிச்சத்தில் ஹேண்டில் கழுத்தடியில் விரலை விட்டுத் தடவினாள். சாவி சுவிட்சிலிருந்து வரும் வயர் ஒன்று, வருடக்கணக்காக இரும்பில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு தெரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் திருப்பினால் இழுபட்டு இரும்பைத் தொட்டது. சாவியைத் திருகினாலும் அந்த வயர் இரும்பைத் தொட்டுத்தான் வண்டி அணையும். தானாகத் தொட்டாலும் அதே கதைதான். ஈரம் இருந்தால் லேசாகப் பட்டாலே போதும். இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, வயரைக் கொஞ்சம் தளர்த்தி வேறு பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினாள். கறுத்துப் போன விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக இருபது தடவையாவது திருப்பிப் பார்த்திருப்பாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கேட்ட தேவதாசன் தலையில் கை வைத்தார். "ரெண்டு சீக்கு. நான் ஒண்ணுன்னுல்லா நெனச்சேன். அந்த மூணு வரிய நாந்தான் அடிச்சு விடச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க அண்ணாச்சி. எனக்கு அடிக்க மனசு வரல."

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனால் அவள் காது உடனே நம்பிவிடவில்லை. ஆடி பிறந்த பிறகும் கல்லிடைக்குறிச்சி கேட்டைத் தாண்டும்போது கை தானாகவே ஆக்சிலேட்டரை இறுக்கியது. இடப்பக்கத் திருப்பம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் சிங்கம்பட்டிக்குப் போய்த் தங்கத்தாயின் மாட்டைச் சோதித்தாள். மூன்று மாதச் சினை. கையை வெளியே எடுக்குமுன்னே முகத்தைப் பார்த்துத் தங்கத்தாய்க்குப் புரிந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள். முத்துராணி கையைக் கழுவிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காப்பி சூடாக இருந்தது. ஊதி ஊதிப் பாதி குடித்திருப்பாள், மணிமுத்தாறிலிருந்து போன் வந்தது.

"மிச்சத்தையும் குடிச்சுட்டுப் போயேன்" என்றாள் தங்கத்தாய்.

"அங்கன ஒருத்தி கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கா மதினி" என்று சொல்லிக்கொண்டே முத்துராணி வண்டியை உதைத்தாள்.