அலாரத்துக்குப் போட்ட தொப்பி

நான் ஐஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செவன் ஹில்ஸ் என்கிற ஊரில் போய், அடிபட்ட லொறியை நிமிர்த்துகிற ஆள் யாரென்று கேட்டுப் பாருங்கள்; இப்போதும் என்னுடைய பழைய கராஜைத்தான் காட்டுவார்கள். என் கையால் திருத்த முடியாமல் போன சாமான் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தது நானல்ல, என் மனிசி. தாதி வேலை கிடைத்துத் தனியே வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் கண் கலங்கி நிற்க, "நான் முன்னால போறன், நீங்கள் பின்னால வாங்கோ" என்றுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். அப்போது எங்கள் பக்கத்தில் கோயில் கிடையாது. சமைக்கிற குசினிச் சுவரில் அடித்த தட்டொன்றில் முருகன் படத்தை வைத்து விளக்கேற்றினாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தட்டைக் கும்பிடச் சனம் ரயிலேறி வந்தது.

நான் வந்து சேர்ந்த முதல் வெள்ளியே கற்பூரப் புகைக்கு முகட்டில் இருந்த அலாரம் அடித்தது. பிளாட்டில் இருந்தவர்கள் எல்லாம் தெருவுக்கு ஓடினார்கள். தீயணைப்புக்காரன் உள்ளே வந்தால், இவள் தீபத்தட்டோடு நிற்கிறாள். "ஒரு நிமிசம் பொறுங்கோ, இன்னும் காட்டி முடியேல்லை" என்று அவனுக்கு இங்கிலீசில் சொன்னாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றான். போகும்போது அவன் கையில் அவித்த கடலை.

அதற்குப் பிறகுதான் தொப்பி வந்தது. குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. சொந்த வீடு வாங்கின பிறகும் அதே வழக்கம். பொழுதுபட்டால், "இஞ்சேருங்கோ, தொப்பி!" என்பாள். அவள் குள்ளம், கதிரையில் ஏறினாலும் முகடு எட்டாது; நான் ஆறடி. அலாரத்துக்கு நான் தொப்பி மாட்டினால்தான் முருகனுக்குத் தீபம். எனக்குத் தேவாரம் ஒன்றும் பாடமில்லை. என் பக்தி அவ்வளவுதான்.

போன குளிருக்குள் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பின் ஒருநாள், பொழுதுபடும் நேரம், அலாரம் அடித்தது. அடுப்பு மூட்டவில்லை. விளக்கும் இல்லை. நான் யோசிக்காமலே ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாட்டினதும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். குசினித் தட்டு இருண்டு கிடந்தது. கற்பூரம் மணத்தது.

பற்றரி மாற்றினேன். அலாரத்தையே புதிதாக வாங்கிப் பூட்டினேன். அதுவும் அதே நேரத்துக்கு அடித்தது.

ஒரு நாள் கார் ஓட்டத் தூரத்தில், மெல்பேண் பக்கம் கிரான்பர்னில் இருக்கிற மகன் போனில் சிரித்தான். "அப்பா, அது டஸ்ட். வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ."

"நான் வந்தால் கொம்மா தனிய எல்லோ?"

"டாட், பிளீஸ்."

மகன் நினைத்தான் எனக்கு மூளை பிசகிவிட்டதென்று. முழங்கால் இரண்டும் தேய்ந்து, கதிரையில் ஏறி இறங்கவே பயமாக இருந்தது உண்மை. போகத்தான் வேண்டும். ஆனால் நான் போன பிறகு யாரோ ஒருவருடைய வீட்டில் அவள் "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பாளே? மெல்பேண் பக்கம் அவள் கால் வைத்ததில்லை. அவளுக்கு வழி தெரியாதே என்பதுதான் என்னை அரித்த கவலை.

வீடு கைமாறிய அன்று வெறும் குசினிக்குள் நின்றபோதுதான் உறைத்தது. ஒரு சனத்தையும் தெரியாத நாட்டுக்குத் தனியே வந்து சேர்ந்தவளுக்கா கிரான்பர்ன் தெரியாமல் போகும்? முருகன் படத்தைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்தேன். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்தேன். ஆளில்லாத வீட்டைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "இந்தமுறை நான் முன்னால போறன். நீ பின்னால வா."

மகன் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஓர் அலாரம். மருமகள் கெட்டிக்காரி; சுவாமிக்குக் கரண்டு விளக்குத்தான் போடுகிறாள், புகையே இல்லை. பொழுதுபட்டால் நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

"மாமா, மேல என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

தொப்பியை இங்கேயும் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அலாரத்துக்கு மாட்டிவிட்டால் அவள் வந்து சேர்ந்தது எனக்கு எப்படித் தெரியும்?