தூள் மணக்கும் ஜாக்கெட்

மிருணாளினி வெள்ளிக்கிழமைகளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை. அது யாரும் அவளுக்கு விதித்த விதி அல்ல. சாவகச்சேரியில் அவள் வளர்ந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கிளேட்டனில் இப்போது இருக்கும் வீட்டிலும் இல்லை. சாப்பிடாத நாளில் சுடுவது சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் போர் நினைவு விடுமுறையான அன்சாக் தினம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. மூன்று நாள் விடுமுறையில் அவளுக்கு மிஞ்சியவை இரண்டு விடியல்கள்.

அந்த இரண்டுக்குள் ஒரு கிடா மான் விழ வேண்டும். இல்லாவிட்டால் அவள் மான்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் உள்ள அந்தச் செம்மறிப் பண்ணைக்கு இனிமேல் போக முடியாது.

பண்ணை வெண்டி என்பவருடையது. அறுபத்தெட்டு வயது, கணவர் கெவின் இறந்து நான்கு வருடம். போன வசந்தத்தில் ஓடைக்கரை நெடுகிலும் நானூறு மரக்கன்றுகளைத் தன் கையாலேயே நட்டிருந்தார். மார்ச் முடிவில், மான்கள் இணைசேரும் காலம் தொடங்கியதும், எங்கிருந்தோ ஒரு கிடா வந்து சேர்ந்தது. இடது கொம்பின் விளிம்பு உடைந்த பெரிய கிடா. பெட்டைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கிடாக்களுக்குத் தன் பலத்தைக் காட்டவென்று அந்த மரக்கன்றுகளைக் கொம்பால் அடித்து நொறுக்கியது. ஏப்ரல் நடுவில் அறுபது கன்றுகள் பட்டை உரிந்து நின்றன.

"ஞாயிறு மாலைக்குள் அது போயாக வேண்டும், மிருணா," என்று வெண்டி ஆங்கிலத்தில் சொன்னார். "இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த மான் ஒழிப்புக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அவர்கள் வந்தால் வேறு யாரும் துப்பாக்கியோடு இந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாதாம்."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை என்று சொல்வது போலத்தான் சொன்னார். மிருணாளினியும் சரி என்று தலையை ஆட்டினாள்.

வேட்டையாட விடும் ஒரு நிலம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் நாற்பது பண்ணைகளுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். மற்றவர் கெவின். "வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ, பிறகு யோசிப்போம்" என்று எழுதியிருந்தார்.

இருபத்துமூன்று வயதில் படிக்க வந்தவள், இப்போது நாற்பத்தாறு. ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டுகளை மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லிதாக அரிந்து கண்ணாடித் தகட்டில் ஏற்றுவாள். அவசரப்பட்டால் திசு கிழியும். அதே மேசையில் வேலை செய்த மோனிகாதான் ஒருமுறை அவளை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனாள். அடுத்த வருடம் மிருணாளினி உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதுண்டா என்று பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள். தொட்டதில்லை, பார்த்ததுண்டு என்றாள். அந்த அதிகாரி மேலே எதுவும் கேட்கவில்லை.

கோயிலில் அவளை 'மான் சுடுற மிருணா' என்று சொல்வார்கள். அதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் பிறகு இறைச்சி கேட்டு அவளுக்கு ஃபோன் எடுப்பவர்கள்.

சனிக்கிழமை விடியுமுன் அவள் மறைவுக்குள் போய் உட்கார்ந்தாள். நான்கு இரும்புக் கம்பு, பச்சைத் துணி, ஒரு முக்காலி, முன்னால் ஒரு கை அகலத்துக்குத் திறப்பு. ஓடையும் புல்வெளியும் அதில் தெரியும். வெளியே இரண்டு பாகைக் குளிர். மணம் விஷயத்தில் அவள் கவனமானவள். மணமில்லாத சவர்க்காரத்தில் குளிப்பாள். வேட்டை ஜாக்கெட்டை அப்பச்சோடாவில் அலசி, வீட்டுக்குள் வைத்தால் சமையல் மணம் பிடிக்குமென்று கராஜில் தொங்கவிடுவாள்.

வெளிச்சம் வரவர கிடா கத்தும் சத்தம் கேட்டது. குறட்டையும் ஏப்பமும் கலந்தாற்போல், நிறுத்தாமல். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஏழு பெட்டைகள் வந்தன, பின்னால் கிடா. நூற்றைம்பது மீற்றர். எண்பது மீற்றருக்குள் வந்தால்தான் அவள் சுடுவாள். காத்திருந்தாள். முன்னால் வந்த கிழட்டுப் பெட்டை நின்றது. மூக்கை உயர்த்தியது. நேரே மறைவைப் பார்த்து ஒரு காலைத் தரையில் அடித்துவிட்டுத் திரும்பி ஓடியது. மற்றவை அதன் பின்னால் ஓடின. கிடாவுக்குப் பெட்டைகளை விட்டால் வேறு நினைப்பு இல்லை, அதுவும் போய்விட்டது.

மறைவின் பக்கமிருந்து மான்கள் வந்த திசைக்கு மெல்லிய காற்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும், போன வருடமும் அப்படித்தான், அப்போது மான்கள் ஓடவில்லை. மிருணாளினி ஜாக்கெட் கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். எதுவும் மணக்கவில்லை.

குன்றின் உச்சியில்தான் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறி, கணவன் பிரஷாந்தனை அழைத்தாள்.

"விழுந்ததோ?" என்றான் அவன்.

"இல்லை. மணம் பிடிச்சு ஓடிட்டுது. என்ர ஜாக்கெட்டில ஏதும் பட்டதோ இந்தக் கிழமை?"

"என்ன படுறது? கராஜிலதானே தொங்கினது." பிறகு நினைவு வந்து, "அன்ரி புதன்கிழமை கறித்தூள் வறுத்தவ."

"எங்க?"

"கராஜிலதான். குசினிக்க வறுத்தா புகை அலாரம் கத்தும் எண்டு நீர்தானே போன வருசம் அந்த அடுப்பை அங்க கொண்டுபோய் வைச்சனீர்."

அது உண்மை. மிருணாளினி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜாக்கெட்டைக் கழட்டி உள்ளுக்குக் கொண்டுபோயிருக்கலாமே நீங்கள்."

"அதில மணக்குது எண்டு எனக்கெப்பிடியப்பா தெரியும்? உமக்கும் தெரியேல்லத்தானே."

ஃபோன் கைமாறியது. பிரஷாந்தனின் சித்தி யோகாவை வீட்டில் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். "பிள்ளை, மூண்டு கிலோ வறுத்தனான், செத்தல் மிளகாய் நல்ல காரம். உம்மட மானுக்குத் தன்ர கறியின்ர மணம் தெரிஞ்சு போச்சுது. ஓடாமல் என்ன செய்யும்?"

"ஓம் அன்ரி," என்றாள் மிருணாளினி. சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. "நாளைக்கு வாறன்."

மத்தியானம் ஜாக்கெட்டை ஓடையில் அலசி வேலியில் போட்டாள். இலையுதிர்கால ஏப்ரலின் மெல்லிய வெயிலில் அது காயாது என்பது தெரிந்துதான் போட்டாள். வேறு தடித்த உடுப்பு அவளிடம் இல்லை. வெண்டி நாயோடு அந்தப் பக்கம் வந்தார். நடந்ததைச் சொன்னாள்.

"எனக்கு நேற்றே தெரியும்," என்றார் வெண்டி.

"என்ன தெரியும்?"

"நீ கேற்றைத் திறந்தபோதே மணத்தது. மல்லியும் மிளகாயும். நல்ல மணம்தான். உங்கள் வீட்டுச் சமையல் என்று நினைத்தேன். அதைப் போய் ஒருவரிடம் எப்படிச் சொல்வது?"

"அடுத்த முறை சொல்லிவிடுங்கள்."

"அடுத்த முறை என்று ஒன்று இருந்தால் சொல்கிறேன்," என்றார் வெண்டி. நாய் வேலிக்குப் போய் ஜாக்கெட்டை முகர்ந்து தும்மியது. வெண்டி அதைப் பார்த்தார். "வா," என்று சொல்லிவிட்டு உரோமம் கத்தரிக்கும் கொட்டகையை நோக்கி நடந்தார்.

உள்ளே கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கெவினின் மெழுகுச் சீலைக் கோட்டு தொங்கியது. நான்கு வருடமாக யாரும் தொடாதது. செம்மறி உரோம எண்ணெயும் புழுதியும் ஏறி விறைத்திருந்தது. வெண்டி அதை எடுத்து ஒரு தரம் உதறி நீட்டினார். "இந்த மணத்தை இங்கிருக்கிற மான்கள் பிறந்ததிலிருந்து முகர்கின்றன," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மிருணாளினி அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கை நீளம் அதிகம். இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். கோட்டுப் பையில் வைக்கோல் கட்டும் கயிற்றுத் துண்டு ஒன்று கிடந்தது. காற்று நேற்றுப் போலவே மான்கள் வரும் திசைக்குப் போனது. வேறு இடத்துக்கு மறைவை மாற்ற நேரமில்லை.

முதலில் கிழட்டுப் பெட்டை வந்தது. நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. மூக்கை உயர்த்தியது. மிருணாளினி மூச்சை விடவில்லை. அது மறைவை வெகுநேரம் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து புல்லைக் கடித்தது.

கிடா கத்திக்கொண்டே வந்தது. வழியில் ஓர் இளங்கிடாவைத் துரத்தியது, திரும்பியது, ஒரு மரக்கன்றைக் கொம்பால் இரண்டு அடி அடித்தது. எழுபது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது. ஆனால் அதற்கு நேர் பின்னால் ஒரு பெட்டை. குண்டு ஊடுருவிப் போனால் அதற்கும் படும். மிருணாளினி விசையிலிருந்து விரலை எடுத்தாள். கிடா இன்னொரு கன்றை அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கன்றை நோக்கி அது இரண்டு எட்டு வைத்தபோது பெட்டை தனியாக விலகி நின்றது. விரலை மறுபடி விசையில் வைத்து, மூச்சைப் பாதி விட்டு, சுட்டாள்.

கிடா இருபது அடி ஓடி விழுந்தது. அவள் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டுத்தான் எழுந்து போனாள். இடது கொம்பின் விளிம்பு உடைந்திருந்தது. மற்றக் கொம்பில் கன்றுப் பட்டை பச்சையாக ஒட்டியிருந்தது. கழுத்து வீங்கி, விலா எலும்புகள் தெரிந்தன. மூன்று வாரமாக ஒழுங்காகத் தின்றிருக்காது. இணைசேரும் காலத்துக் கிடாவின் இறைச்சியில் முடை அடிக்கும். அன்ரியின் தூள் நிறையப் போட வேண்டியிருக்கும்.

வெண்டி சத்தம் கேட்டு வண்டியில் வந்தார். கொம்பைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுதான்," என்றார். பிறகு இறைச்சியை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் வரை பக்கத்தில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். ஒழிப்புக் குழுவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

புறப்படும் நேரம் மிருணாளினி கோட்டைக் கழற்றி மடித்தாள். "கழுவிக் கொண்டுவந்து தரட்டுமா?"

"வேண்டாம்," என்றார் வெண்டி. "அதை உன் கராஜுக்கு மட்டும் கொண்டுபோகாதே. அடுத்த ஏப்ரலுக்கு இங்கேயே இருக்கட்டும்."

மிருணாளினி கொட்டகைக்குப் போனாள். கோட்டின் மடித்த கைகளை அவிழ்க்காமல் அதை அந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.